கடலடிச் சிலைகள் உண்மையிலேயே பவளத்திட்டாக மாறுகின்றனவா?

அலைவாய் எழுதியது:

கடலடிச் சிலைகளைப் பற்றி இங்கே துண்டு துண்டாகப் பேச்சு வந்து போகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2004இல் ஐவன் சூறாவளி கரீபியன் கடலின் கிரெனடா தீவைப் புரட்டிப்போட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தீவின் மோலினியர் விரிகுடாவில் பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகேயர்ஸ் டெய்லர் தம் சிலைகளை நீருக்கடியில் இறக்கினார். கைகோத்து வட்டமாக நிற்கும் 26 சிறுவர் சிறுமியரின் ‘விசிசிட்யூட்ஸ்’, தட்டச்சுப் பொறியின் முன்னால் தனியே அமர்ந்திருக்கும் ‘லாஸ்ட் கரஸ்பாண்டென்ட்’ ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. அடுத்து மெக்சிகோவின் கான்குன் கடற்பகுதியில் ‘மூசா’ எனப்படும் கடலடி அருங்காட்சியகம் வந்தது. உள்ளூர் மக்களையே அச்செடுத்து வார்த்த சுமார் 450 உருவங்கள் ‘சைலண்ட் எவல்யூஷன்’ என்ற பெயரில் அங்கே கூட்டமாக நிற்கின்றன. பிறகு பஹாமாஸ், லான்சரோட்டே, ஆஸ்திரேலியா, சைப்ரஸ் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது.

எனக்கு இந்தச் சிலைகள் மீது தீராத பிடிப்பு உண்டு. சிற்பி உளியைக் கீழே வைத்த பிறகுதான் இங்கே வேலை தொடங்குகிறது. மூக்கின் மேல் எது முளைக்கும், தோளில் என்ன நிறம் படியும் என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. ஆனால் இந்தச் சிலைகளைப் பற்றி வரும் ஒவ்வொரு செய்தியிலும் ‘செயற்கைப் பவளத்திட்டு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதைத்தான் கேட்க விரும்புகிறேன். கடலுக்கு இவற்றால் உண்மையில் என்ன கிடைக்கிறது? விவரம் அறிந்தவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். கலைக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை, அதை நானே செய்துகொள்கிறேன்.

மூரை எழுதியது:

நல்ல கேள்வி. கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிலை மேல் உயிர்கள் வளர்கின்றன, அதில் ஐயமே இல்லை. ஆனால் அப்படி வளர்வதெல்லாம் பவளமாகிவிடாது.

கடலில் எந்தக் கடினமான பொருளைப் போட்டாலும் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் அதன் மேல் வழவழப்பான படலத்தை விரித்துவிடும். அடுத்து டயட்டம்கள் எனும் நுண்பாசிகள், பச்சையும் பழுப்புமாக இழைப் பாசி, ஓடு போர்த்து ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, செடி போலத் தோன்றும் சிறு உயிர்களான ஹைட்ராய்டுகள், கடற்பஞ்சு. இடத்துக்கு இடம் வரிசை மாறும். சிலையை இறக்கிய ஓரிரு ஆண்டில் எடுத்த படங்களில் நாம் வியந்து பார்க்கும் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் பெரும்பாலும் கடற்பஞ்சும் பாசியும்தான்.

பவளத்தின் வருகை வேறு கதை. பவளக் குஞ்சுகள், அதாவது நீரில் மிதந்து திரியும் லார்வாக்கள், கண்ட இடத்தில் அமர்வதில்லை. பாறையின் மேல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியது போலப் படரும் ஒரு வகைச் சுண்ணாம்புப் பாசி உண்டு. அதன் வேதிக் குறிப்பை உணர்ந்து, பெரும்பாலும் நேரடி வெயிலும் மணல் படிவும் குறைந்த இடுக்கிலும் விளிம்பின் அடிப்புறத்திலும் அவை ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகும் இழைப் பாசி மூடிவிடாமல் இருக்க வேண்டும். மூளைப் பவளம் போன்ற உருண்டை வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. கொம்புப் பவளம் வேகமாக வளரும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டரைக்கூடத் தொடும். ஆனால் புயலில் முதலில் உடைவதும் அதுதான்.

பவளத்திட்டு என்று நாம் சொல்வது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக உயர்ந்த கட்டமைப்பு. உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பில், கடல் உயிரினங்களில் ஏறத்தாழ கால்பங்கு வகைகளுக்கு இடம் கொடுப்பது அது. ஒரு சிலை வளாகத்தை அதற்கு ஈடாக வைத்துப் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வார்ப்புக்காரன் எழுதியது:

என் தொழில் கான்கிரீட் என்பதால் ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன்.

வழக்கமான போர்ட்லேண்ட் சிமெண்டில் வார்த்த புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் அளவில் 12, 13 என்று நிற்கும். கடல்நீர் 8ஐ ஒட்டி இருக்கிறது. அந்த மேற்பரப்பில் மென்மையான லார்வா எதுவும் எளிதில் அமராது. அதனால்தான் இந்தச் சிலைகளுக்குக் காரத்தன்மை குறைத்த கடல்சார் சிமெண்டைப் பயன்படுத்துகிறார்கள். நுண் சிலிக்கா சேர்த்தால் காரம் தணியும், கலவை இறுகும், உப்பு உள்ளே புகுவதும் குறையும்.

அடுத்தது கம்பி. நிலத்தில் கட்டுவது போல உள்ளே சாதாரண இரும்புக் கம்பி வைத்தால் உப்பு நீர் தேடிப் போய் அதைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்தே கான்கிரீட் வெடித்துவிடும். கண்ணாடி இழைக் கம்பியோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால், கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கை கால் தனியாகக் கழன்று மணலில் கிடக்கும்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழவென்று மெருகேற்றிய முகம் கரையில் அழகாகத் தெரியும். கடலில் அதன் மேல் வந்து உட்கார்ந்தவை அலையடியில் வழுக்கிப் போய்விடும். பள்ளம், துளை, மடிப்பு எல்லாம் வேண்டும். ஆடையின் சுருக்கங்களை ஆழமாகச் செதுக்கினால் உயிர்களுக்கு அதுவே இடுக்காகிவிடும். மூரை சொன்ன அந்த அடிப்புற விளிம்புகளைச் சிற்பி மனம்வைத்தால் ஒவ்வொரு சிலையிலும் நூற்றுக்கணக்கில் உண்டாக்கலாம்.

அலைவாய் எழுதியது:

இந்த ஆடைச் சுருக்க விவரம் எனக்குப் பிடித்திருக்கிறது. சிற்பத்தின் அழகும் உயிரின் தேவையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூசாவில் ‘ஆந்த்ரோபோசீன்’ என்ற ஒரு படைப்பு உண்டு: சிமெண்டில் வார்த்த எட்டு டன் வோக்ஸ்வேகன் பீட்டில் கார், முன்கண்ணாடியின் மேல் சுருண்டு படுத்த ஒரு குழந்தை. காரின் உட்புறம் சிங்கி இறால் போன்றவை ஒளிந்துகொள்ள ஏதுவாகக் குடைந்து விடப்பட்டிருக்கிறது.

ஆழி எழுதியது:

கான்குன் பக்கம் இஸ்லா முஹெரெஸ் தீவை ஒட்டிய சிலைகளிடையே முக்குளித்திருக்கிறேன். கண்டதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

எல்லா உருவமும் ஒன்று போல வளரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நீரோட்டம் படும் பக்கம் நின்றவர்களின் முகம் அடையாளமே தெரியவில்லை. கன்னத்தில் செங்கடற்பஞ்சு, புருவத்தில் நெருப்புப் பவளத்தின் மஞ்சள் தகடு. நடுவில் நின்றவர்கள் மேல் பழுப்புப் பாசிதான் அடர்ந்து தொங்கியது. ஒரே கலவை, ஒரே கடல். நிற்கும் இடம் சில அடி தள்ளிப் போனதும் வளர்வதே வேறாகிவிட்டது.

ஒரு பெண் உருவத்தின் பிடரியில் உள்ளங்கை அளவுக்கு ஊதா நிறத் திட்டு இருந்தது. பாசி என்று நினைத்து அருகே போனேன். கறுப்பு வரிகள் கொண்ட ஒரு சிறு மீன் என் முகமூடிக் கண்ணாடியில் வந்து மோதியது. பின்வாங்கியதும் அது திரும்பிப் போய் அந்தத் திட்டின் மேல் துடுப்பை விசிறிக்கொண்டு நின்றது. அது முட்டைப் படலம். முக்குளிப்போர் சார்ஜென்ட் மேஜர் என்று அழைக்கும் மீன் அது. ஆண் மீன் காவல் காக்கும். விரலளவு மீன் மனித உருவத்தின் கழுத்தைத் தன் வீடாக்கிக்கொண்டு என்னை விரட்டியது. அந்தச் சிலையால் கடலுக்கு ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

மூரை எழுதியது:

ஆழி அக்கா, நீங்கள் கண்டது அருமையான காட்சி. அதன் மதிப்பைக் குறைக்க வரவில்லை. ஆனால் அந்த மீன் இனம் பாறை, துறைமுகத் தூண், மூழ்கிய படகு என்று கடினமான எதிலும் முட்டையிடும். அது அங்கே முட்டையிட்டதால் அந்தக் கடலில் மீன் கூடியது என்று சொல்லிவிட முடியாது.

செயற்கைத் திட்டுகளைப் பற்றிய பழைய வழக்கு இதுதான்: அவை மீனைப் பெருக்குகின்றனவா, சுற்றியிருக்கும் மீனை ஓரிடத்தில் திரட்டுகின்றனவா? ஜேம்ஸ் போன்சாக் 1989இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைக் கூர்மையாக முன்வைத்தது. ஒளிய இடம் போதாததால்தான் ஓர் இனம் குறைவாக இருக்கிறது என்றால், இடம் கொடுத்ததும் அது பெருகும். மிகையாகப் பிடிப்பதால் குறைந்திருக்கிறது என்றால், இடம் கொடுப்பது அதைப் பிடிப்பவர்களுக்குத்தான் உதவும்.

பார்த்தேடி எழுதியது:

மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். கடற்புத்தகம் படித்ததில்லை, கடலைப் பார்த்து வளர்ந்தேன். மூரை தம்பி சொல்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறதோ அங்கே களவா, செப்பிலி போன்ற மீன்கள் கூடும். அதனால்தான் பார் இருக்கும் இடத்தைப் பெரியவர்கள் எல்லோரிடமும் சொல்ல மாட்டார்கள். புதிதாக ஒரு பாரை நீங்களே போட்டு, அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவித்தும் விட்டால், தூண்டிலும் வலையும் வராமல் இருக்குமா? மீன்பிடியைக் கட்டுப்படுத்தாமல் சிலையை இறக்குவது மீனைக் காட்டிக் கொடுக்கும் வேலை.

ஆனால் இறால் விஷயத்தில் மூரைக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். மெக்சிகோவின் புன்டா ஆயென் மீனவர்கள் ‘காசிட்டா’ என்ற தாழ்வான கூரை போன்ற அமைப்புகளை ஆழமில்லாத கடலில் வைத்து, அதன் கீழ் வந்து ஒதுங்கும் சிங்கி இறாலைப் பிடித்து வாழ்கிறார்கள். கூட்டுறவாக இருந்து, ஆளுக்கு ஒரு பகுதி என்று கடலைப் பிரித்துக்கொண்டு, பொடி இறாலை விட்டுவிட்டுப் பிடிக்கிறார்கள். அங்கே ஒதுங்க இடம் கிடைத்ததால் இளம் இறால் தப்பிப் பிழைக்கிறது. கட்டுப்பாடும் கூடவே இருக்கிறது. அலைவாய் சொன்ன அந்தக் கார் சிலைக்கும் இந்தக் காசிட்டாவுக்கும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். வேறுபாடு வெளியே இருக்கும் மனிதர்களிடம்.

மூரை எழுதியது:

ஏற்கிறேன், ஐயா. ஒளிய இடம் கொடுத்தால் பெருகும் என்று நான் சொன்ன வகைக்குச் சிங்கி இறால் சரியான எடுத்துக்காட்டு.

நீர்மகள் எழுதியது:

எல்லோரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். பவளம் அழிவது இடம் இல்லாமலா? கடல் சூடாவதால். 2023இல் ஃபுளோரிடாவிலும் கரீபியனிலும் கடல் கொதித்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். வெப்பம் தாங்காத பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளி வெளிறும்போது, அது இயற்கைப் பாறையில் அமர்ந்திருந்தால் என்ன, சிலையின் தலையில் அமர்ந்திருந்தால் என்ன? இரண்டும் ஒன்றாகத்தான் சாகும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அந்தச் சிமெண்டைக் கொண்டே கடலைக் காப்பாற்றப் போகிறோமா?

அதோடு இந்தச் சிலைகளைப் பார்க்கப் பறந்து வருபவர்களின் விமானப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இது மனசாட்சியைத் தூங்க வைக்கும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

வார்ப்புக்காரன் எழுதியது:

சிமெண்ட் பற்றிய கவலையை என் தொழிலில் இருப்பவர்கள்தான் முதலில் ஏற்க வேண்டும், ஏற்கிறேன். ஆனால் அளவைப் பாருங்கள், அம்மா. பஹாமாஸில் 2014இல் இறக்கிய ‘ஓஷன் அட்லஸ்’, கடலின் கூரையைத் தோளில் தாங்கும் சிறுமி, ஐந்தரை மீட்டர் உயரமும் 60 டன் எடையும் கொண்டது. ஒரு நடுத்தர அடுக்குமாடியின் அடித்தளத்துக்கே இதைவிடப் பல மடங்கு கான்கிரீட் போகிறது. சிலையின் மேல் கேட்க வேண்டிய கேள்வி அதன் சிமெண்ட் அன்று. அதைக் காட்டி வேறு எதை மறைக்கிறார்கள் என்பதுதான்.

நீர்மகள் எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன். பவளத்திட்டின் அருகில் கழிவுநீரை விட்டுக்கொண்டு, விடுதி கட்டக் கரையைத் தோண்டிக்கொண்டு, நாலு சிலையை இறக்கிப் படம் பிடித்துப் போட்டால் கணக்கு நேராகிவிடாது.

மூரை எழுதியது:

நீர்மகள் சொன்ன கழிவுநீர் முக்கியமானது, அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கழிவுநீரிலும் வயல்நீரிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். பாசி தழைத்தால் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைக்கும். அதை மேய்ந்து கட்டுக்குள் வைப்பவை கிளிமீன்களும், முள் போர்த்த உருண்டை உயிர்களான கடல் முள்ளெலிகளும். கரீபியனில் 1983-84இல் ஒரு நோய் பரவியது. நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட டயடீமா முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மடிந்தன. மேய ஆளில்லாமல் போனதும் பவளம் இருந்த இடங்களைப் பாசி பிடித்துக்கொண்டது. இன்னமும் அந்த அடியிலிருந்து அக்கடல் முழுமையாக எழவில்லை. நான் மூரை என்று பெயர் வைத்துக்கொண்டதற்கும் இந்த முள்ளெலிதான் காரணம்.

ஆழி அக்கா கண்ட பழுப்புப் பாசிக்கு விளக்கம் இதில் இருக்கலாம். சிலைகளின் நடுக்கூட்டத்தில் நீரோட்டம் தளரும், மண்டி படியும், மேய்பவை குறைவாக வந்தால் பாசிதான் வெல்லும். மேயும் உயிர்கள் இல்லாத கடலில் எவ்வளவு நல்ல சிமெண்டில் வார்த்தாலும் அது பாசித்தூணாகத்தான் நிற்கும். முள்ளெலியும் சிறு கிளிமீனும் பகலில் ஒளிந்துகொள்ளக் குழிகள் வைத்தால் சிலையே தன் மேல் பாசியை மேயும் உயிர்களையும் வைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் வடிவமைப்பால் பெரிய பயன் உண்டு என்று நம்புகிறேன்.

இன்னோர் எச்சரிக்கை. வெறும் மணலாக இருந்த இடத்தில் கடினப் பரப்பை வைத்தால் அயல் உயிர்களும் அதைப் படிக்கல்லாகப் பயன்படுத்தும். மெக்சிகோ வளைகுடாவிலும் பிரேசில் கரையிலும் எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பற்றிக்கொண்டு ஆரஞ்சு நிறக் கிண்ணப் பவளம் பரவியது. அது அந்தக் கடலுக்கே உரியதன்று.

கல்தச்சன் எழுதியது:

தாமதமாக வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சிற்பி, கருங்கல்லில் வேலை செய்பவன்.

எல்லோரும் டெய்லரையே பேசுகிறீர்கள். இத்தாலியில் டஸ்கனி கரையோரம் தலமோனே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பவோலோ ஃபான்சியுல்லி என்ற மீனவர். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவை மடி, அதாவது கடல்தரையை உரசி இழுக்கும் வலை, போடத் தடை உண்டு. தடையை மீறி இரவில் வந்து தரையைச் சுரண்டும் விசைப்படகுகளோடு அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அந்த மடியின் கனத்த பலகையும் சங்கிலியும் பொசிடோனியா எனும் கடற்புல்லை வேரோடு பிடுங்கிவிடும். மீன் குஞ்சுகள் வளரும் அந்தப் புல்வெளி மீண்டும் படர நெடுங்காலம் ஆகும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மடியைக் கிழிக்கும் கனத்த கற்களைக் கடலில் போட நினைத்து, கராரா சுரங்க உரிமையாளரிடம் இரண்டு பளிங்குக் கட்டி கேட்டார். உரிமையாளரோ நூறு தருவதாகச் சொன்னார். சிற்பிகள் வந்து செதுக்கிக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் சிற்பி எமிலி யங் செதுக்கிய பெரிய முகங்களும் அந்தக் கடலில் கிடக்கின்றன. இன்று அதை மீன்களின் வீடு என்கிறார்கள். இரவில் மடியை இறக்கும் படகு, கல்லில் மாட்டினால் வலை போகும் என்று தெரிந்தே இறக்க வேண்டும்.

தொழில்முறையில் எனக்கு இதைவிடப் பெருமை தரும் சிலையைச் சொல்ல முடியாது. அங்கே சிலை எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் புல்வெளியை அழியவிடாமல் காத்தால் போதும். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், பவளத்தின் எலும்பும் அதே பொருள்தான்.

பார்த்தேடி எழுதியது:

கல்தச்சரே, இந்தச் செய்தியை வாசித்து நெஞ்சு நிறைந்தது. அந்த மீனவர் எங்கள் ஆள். நாட்டுப்படகுக்காரனுக்கும் இழுவை மடிக்கும் உலகம் முழுவதும் ஒரே சண்டைதான் போலிருக்கிறது.

அலைவாய் எழுதியது:

இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த விடையின் நுனி என்று தோன்றுகிறது. சிலை மேல் என்ன முளைத்தது என்றே இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலை இருப்பதால் அதைச் சுற்றி என்ன நடக்காமல் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மூசாவையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். அது அமைந்திருப்பது ஒரு தேசியக் கடற்பூங்காவில். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே நீந்தவும் முக்குளிக்கவும் வருகிறார்கள். துடுப்புச் செருப்பின் உதை, நங்கூரம், பவளத்தைப் பிடித்து நிற்கும் கை என்று ஏற்கெனவே புயல்களில் அடிபட்ட திட்டுகளுக்கு ஓய்வே இல்லை. பூங்காவின் அப்போதைய இயக்குநர் ஹைமே கொன்சாலெஸ் கானோ, கூட்டத்தில் ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்புவதற்காகத்தான் இந்தச் சிலைத் திட்டத்தை முன்னெடுத்தார். வெறும் மணலில் சிலையை வைத்தால், கற்றுக்குட்டி முக்குளிப்பவர் அங்கே தடுமாறட்டும், உயிருள்ள பவளம் தப்பிக்கும். அப்படிப் பார்த்தால் சிலை மேல் ஒரு பவளம்கூட முளைக்காவிட்டாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஆழி எழுதியது:

இதை என் அனுபவத்தால் உறுதியாகச் சொல்வேன். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத புதியவர்களைச் சிலைகளிடையே கொண்டுபோனால் எனக்கு நிம்மதி. பவளத்திட்டுக்குக் கொண்டுபோனால் அவர்கள் கால் எங்கே படுகிறது என்று பார்த்தே என் முக்குளிப்பு முடிந்துவிடும்.

நீர்மகள் எழுதியது:

கூட்டத்தைத் திருப்புகிறது என்கிறீர்கள். புதுக் கூட்டத்தையும் அழைத்து வருகிறதே? சிலை பார்க்க வந்தவர் மறுநாள் பவளம் பார்க்கவும் போவார். பூங்காவுக்கு மொத்தம் எத்தனை பேர், அதில் திட்டுக்கு எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எண்ணிச் சொல்லாத வரை இந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன்.

அலைவாய் எழுதியது:

நியாயமான நிபந்தனை. சிலையோடு சேர்த்து எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் சிலை விளம்பரப் பலகையாகிவிடும்.

வார்ப்புக்காரன் எழுதியது:

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்பர்ன் திட்டை யாரும் இன்னும் சொல்லவில்லை. 1970களில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் சுமார் இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடலில் போட்டார்கள். மீனுக்கு வீடு, குப்பைக்கும் வழி என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். கட்டுகள் அறுந்தன. டயர்கள் ஒவ்வொரு புயலிலும் உருண்டு போய், அருகிலிருந்த உயிருள்ள பவளத்தை இடித்துத் தேய்த்தன. அசையும் பரப்பில் பவளம் அமரவும் இல்லை. பல ஆண்டுகளாக முக்குளிப்போரை இறக்கிப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடலில் போட்ட பொருளைத் திரும்ப எடுப்பதற்கு ஆகும் உழைப்பு, போடுவதற்கு ஆகும் உழைப்பைவிடப் பல மடங்கு. ஆகவே எடையும் அடித்தளமும் அந்தக் கடலின் பெரும்புயலைக் கணக்கிட்டே அமைய வேண்டும். 2009இல், கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கை சார்பில் செயற்கைத் திட்டுகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். கழிவைக் கொட்டுவதற்குத் திட்டு என்று பெயர் சூட்டக் கூடாது என்பது அதன் அடிநாதம். அந்த நெறிகளுக்குப் பின்னால் இந்த டயர்கள் போன்ற அனுபவங்கள் இருக்கின்றன.

கல்தச்சன் எழுதியது:

இடத்துக்கு உரிய மக்களின் மனமும் அடித்தளத்தில் சேரும் என்பேன். மாலத்தீவில் 2018இல் டெய்லர் அமைத்த ‘கோரலேரியம்’, பாதி நீரில் மூழ்கிய கூண்டு போன்ற கட்டடம், உள்ளே மனித உருவங்கள். சமய உணர்வுக்கு எதிரானது என்று எதிர்ப்பு எழுந்து, நீதிமன்ற ஆணையின் பேரில் காவல்துறையினர் அந்த உருவங்களை உடைத்தெடுத்தார்கள். திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிற்பியாக எனக்கு அது வலித்தது. ஆனால் ஒரு சமூகத்தின் கடலில் மனித உருவத்தை நிறுத்துவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். கிரெனடாச் சிலைகளுக்கோ மக்கள் தாமாகவே ஓர் அர்த்தம் கொடுத்தார்கள். கைகோத்து நிற்கும் அந்தப் பிள்ளைகளை, அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்டவர்களின் நினைவாகப் பலர் காண்கிறார்கள். தாம் அப்படி எண்ணிச் செய்யவில்லை என்று சிற்பி சொன்ன பிறகும் அந்த அர்த்தம் அங்கேயே தங்கிவிட்டது.

நீர்மகள் எழுதியது:

கிரெனடா விவரம் எனக்குத் தெரியாது. நன்றி.

இன்னொன்று கேட்கிறேன். வெப்பத்தைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மூரை எழுதியது:

பதில் இல்லை என்பதால்தான், நீர்மகள். ஓரிடத்தில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக நான்கு வாரம் நீடித்தால் வெளிறல் தொடங்கும், எட்டு வாரம் நீடித்தால் பரவலாகச் சாகத் தொடங்கும் என்று கணக்கிடுகிறார்கள். எந்தச் சிலையும் அந்த வெப்பத்தைத் தணிக்காது. வெப்பம் தாங்கிப் பிழைத்த பவளங்களின் குஞ்சுகளுக்கு உட்கார நல்ல இடம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிலை அந்த வெப்பத்தை மறைக்காமல் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 2019இல் கரையோரக் கடலில் நிறுத்திய ‘ஓஷன் சைரன்’. பூர்வகுடிச் சிறுமி ஒருத்தியின் உருவம். தொலைவில் உள்ள டேவிஸ் திட்டின் நீர் வெப்பநிலைத் தரவுக்கு ஏற்ப அவள் மேனியின் நிறம் மாறும். வெப்பம் ஏற ஏற நீலத்திலிருந்து சிவப்பை நோக்கிப் போகும். முக்குளிக்கத் தெரியாதவரும் கரையில் நின்றே பெருந்தடுப்புப் பவளத்திட்டின் காய்ச்சலைப் பார்க்கலாம். கடலடிச் சிலைகளைக் கடுமையாக விமர்சிக்கும் நான், இந்தச் சிலைக்கு முழுமனதோடு கை தட்டுவேன்.

நீர்மகள் எழுதியது:

நானும்.

ஆழி எழுதியது:

ஒரு நடைமுறைக் கேள்வி. சிலைகளில் பாசி மூடியதும் முகம் தெரியவில்லை, பார்க்க வருபவர்கள் ஏமாறுகிறார்கள், தேய்த்துக் கழுவலாமா என்ற பேச்சைப் படகுகளில் கேட்டிருக்கிறேன். மூரையும் கல்தச்சரும் என்ன சொல்கிறீர்கள்?

மூரை எழுதியது:

தேய்க்கவே கூடாது. தூரிகை பாசியை மட்டும் எடுக்காது. நாணய அளவுகூட இல்லாத இளம் பவளம், சுண்ணாம்புப் பாசி, முட்டைப் படலம் எல்லாம் சேர்ந்து போகும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வளர்ச்சி முதல் நாளுக்குத் திரும்பும். ஆய்வுக்காக, குறித்த சில இடங்களில், அளவு எடுத்துக்கொண்டு பாசியை மட்டும் கையால் நீக்கிப் பார்ப்பது வேறு.

கல்தச்சன் எழுதியது:

சிலையின் நோக்கத்தைப் பொறுத்தது என்பேன். இத்தாலியின் சான் ஃப்ருத்துவோசோ விரிகுடாவில் 1954இல் பதினேழு மீட்டர் ஆழத்தில் நிறுத்திய வெண்கல இயேசு சிலை உண்டு. கைகளை மேல்நோக்கி விரித்து நிற்கும். குய்தோ கல்லெத்தி வடித்தது. நங்கூரம் மோதி அதன் ஒரு கை கழன்றது, வெண்கலமும் அரித்தது. 2003இல் மேலே எடுத்துச் செப்பனிட்டு மறு ஆண்டு மீண்டும் இறக்கினார்கள். அது வழிபாட்டுக்கும் கடலில் இறந்தோர் நினைவுக்கும் நிற்பது. முகம் தெரிய வேண்டும், சுத்தம் செய்வது முறைதான்.

ஆனால் திட்டாகப் போகிறது என்று சொல்லி இறக்கிய சிலையின் முகத்தைப் பிறகு திரும்பக் கேட்பது நேர்மையில்லை. எனக்கு அப்படி ஒரு வேலை வந்தால், கண்ணும் மூக்கும் காணாமல் போன பிறகும் தூரத்திலிருந்து மனித நிற்பு தெரியும்படி உடலின் கட்டை வலுவாக அமைப்பேன். நுணுக்கத்தையெல்லாம் இடுக்குகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

அலைவாய் எழுதியது:

இந்த இழையில் படம் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலையின் பெயர், அதை இறக்கிய ஆண்டு, படம் எடுத்த ஆண்டு மூன்றையும் குறிப்பிடுங்கள். புதிதாக இறக்கிய சாம்பல் நிறச் சிலையையும் பதினைந்து ஆண்டு ஊறிய சிலையையும் கலந்து போட்டு இரண்டுக்கும் ஒரே விளக்கம் எழுதுவதைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

ஆழி அவர்களே, உங்களிடம் இஸ்லா முஹெரெஸ் படங்கள் இருந்தால் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

ஆழி எழுதியது:

இருக்கின்றன. தேடி எடுத்து ஆண்டு குறித்துப் போடுகிறேன். மூரை, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், அந்தக் கோணத்தில் எடுத்தவற்றை முதலில் தருகிறேன்.

மூரை எழுதியது:

முகங்கள் வேண்டாம், அக்கா. முழங்கைக்கு அடிப்புறம், தாடைக்குக் கீழ், அடித்தளம் மணலைத் தொடும் விளிம்பு ஆகியவற்றைத் தாருங்கள். அளவு தெரிய விரலோ அளவுகோலோ அருகில் இருந்தால் இன்னும் நல்லது. சிலையிலிருந்து சில மீட்டர் தள்ளியுள்ள வெறும் மணலின் படமும், அருகிலுள்ள இயற்கைத் திட்டின் படமும் இருந்தால் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள்.